காசல்ரீ தண்ணீரில் பாய்ப்படகு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நோர்வூட் பாய்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் மீன்பிடி வள்ளம், இயந்திரப் படகு பற்றித்தான் பேசுகிறீர்கள். நான் கேட்கப்போவது கொஞ்சம் விசித்திரமான விஷயம். சிரித்தாலும் பரவாயில்லை, பதில் மட்டும் போடுங்கள்.

எனக்கு ஊர் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பள்ளிக்கூடம் போன வழியில் பாதித் தூரம் காசல்ரீ டேம் தண்ணீர் கூடவே வரும். சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தத் தண்ணீரில் போன வருடம் வரை கால்கூட நனைத்ததில்லை. தண்ணிப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்பது எங்கள் அம்மாவின் சட்டம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் பிறந்தது பழைய மஸ்கெலியாவில். 1969இல் மவுசாகலை டேமை நிரப்பியபோது அந்தக் கடைத்தெரு, கோவில் எல்லாம் அடியில் போய்விட்டது. தண்ணீர் என்றால் அவருக்கு ஊரை முழுங்கின சாமான்.

பிறகு நான் கட்டாருக்குப் போனேன். ஒரு படகுத் துறையில் ஒன்பது வருடம். சேர்ந்தது படகு கழுவ. அங்கே பாய்ப்படகு பழக்கிய ஒருவர், வேலை முடிந்த பிறகு பிள்ளைகளின் படகு ஒன்றை எடுத்துக்கொள்ள விட்டார். இரண்டாவது வருடக் கடைசியில் தனியாக ஓட்டினேன். நீச்சலும் அங்கேதான் பழகினேன், முப்பது வயதுக்கு மேல், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில்.

போன வருடம் ஊரோடு வந்துவிட்டேன். வந்து செய்த முதல் பைத்தியக்கார வேலை, கொழும்புப் பக்கம் ஒருவரிடம் பழைய லேசர் படகு ஒன்று வாங்கியது. தெரியாதவர்களுக்கு: ஒரு ஆள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு அது. நீளம் 4.2 மீற்றர், வெறும் உடல் 59 கிலோ, ஒரே பாய், பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். பேலியகொடைக்கு மரக்கறி ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பிய லொறியில் போட்டுக் கொண்டுவந்தேன். கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தினால், கித்துல்கலையில் வெள்ளத்தில் ஓட்டுகிற போட்டா என்று நான்கு பேர் கேட்டார்கள். இல்லை, இது காற்றில் போகும் என்றேன். ஒருவர் லொறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அப்போ எஞ்சின் எங்கே என்றார்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இறக்கினேன். மூன்று தரமும் கவிழ்ந்தேன்.

கட்டாரில் காற்று வந்தால் வந்ததுதான். வடமேற்கிலிருந்து ஒரே பக்கமாக, ஒரே பலத்தில் அரை நாள் வீசும். பாயை ஒரு தரம் சரி செய்துவிட்டால் பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். இங்கே அப்படி இல்லை. கரையில் மரத்து இலை அசையாது. நூறு மீற்றர் உள்ளே போனதும் மலை இடுக்கிலிருந்து ஒரு அடி வரும், படகைச் சாய்க்கும். நான் வெளியே தொங்கிச் சமாளிப்பதற்குள் காற்று நின்றுவிடும், நான் பின்பக்கமாகத் தண்ணீருக்குள். அடுத்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பூம், அதாவது பாயின் அடியில் பூட்டும் நீளத் தண்டு, தலைக்கு மேலே பறந்து மறுபக்கம் போகும். இரண்டாவது ஞாயிறு படகு முழுதாகத் தலைகீழாகிவிட்டது. நிமிர்த்த இருபது நிமிடம் எடுத்தது. கரையில் என் மகள், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர், கொழுந்து எடுத்து முடித்துவந்த பெண்கள் என்று ஒரே கூட்டம். கைதட்டினார்கள் வேறு.

எனக்குத் தெரியவேண்டியது இவைதான். இந்த மலைக் காற்றுக்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா, அல்லது இது பாய்ப்படகுக்கான இடமே இல்லையா? தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? கொஞ்சம் பழகிய பிறகு, ஒரு சின்னக் கூடாரம், அரிசி, கருவாடு எடுத்துக்கொண்டு காசல்ரீயின் கைகளுக்குள்ளெல்லாம், அதுதான் மலை இடுக்குகளுக்குள் நீளும் தண்ணீர், நுழைந்து இரண்டு நாள் சுற்றிவர ஆசை. ரோட்டில் வரும்போது அந்தக் கைகளின் வாய் மட்டும்தான் தெரியும், உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று நான் பார்த்ததில்லை. இதெல்லாம் நடக்கிற காரியமா?

என் எடை 61 கிலோ. தேவைப்படும் என்று சொல்கிறேன்.


பொல்கொட ஞாயிறு எழுதியது:

தம்பி, கடைசி வரியை முதல் வரியாகப் போட்டிருக்கலாம். உங்கள் பிரச்சினையில் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஞாயிறுகளில் மொறட்டுவைப் பக்கம் பொல்கொட வாவியில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டுகிறேன். அதிகம் எண்டர்பிரைஸ் என்கிற இரண்டு பேர் ஓட்டும் பாய்ப்படகு, சில வேளை லேசர். லேசரின் பெரிய பாய் 7.06 சதுர மீற்றர். அது எண்பது கிலோ ஆளுக்குச் சரி. அதே படகுடலுக்கு 5.7 சதுர மீற்றர் பாய் ஒன்று உண்டு, ரேடியல் என்பார்கள். அதைவிடச் சின்னதாக 4.7 ஒன்றும் உண்டு. கீழ்ப் பாய்மரத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். 61 கிலோவுக்கு ரேடியல்தான் அளவு. நீங்கள் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள்.

ரேடியல் கிடைக்கும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். லேசர் பாய் சட்டைக் கை மாதிரி பாய்மரத்தில் மாட்டுகிறது அல்லவா? பூம் பூட்டுவதற்கு முன் பாய்மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், பாய் அதில் சுருண்டுகொள்ளும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பந்தயக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் படகு அடங்கிவிடும்.

இப்போது காற்று. மலைக் காற்றுக்கு வலு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஆயிரத்து நூறு மீற்றர் உயரத்தில், கடற்கரையைவிட அதன் அடர்த்தி ஏறக்குறைய 10 வீதம் குறைவு. நுவரெலியா கிரகரி வாவிக்குப் போனால் 17 வீதம் அளவுக்குக் குறையும். ஆக அதே வேகக் காற்று உங்கள் ஊரில் கொஞ்சம் மென்மையாகத்தான் தள்ளும். உங்களைக் கவிழ்ப்பது அது ஏறி இறங்குகிற விதம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய் மீது விழும் விசை நான்கு மடங்கு. 10 நொட்டிலிருந்து (ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர்) 14 ஆனாலே கிட்டத்தட்ட இரட்டிப்பு. உங்கள் பள்ளத்தாக்கில் 4 நொட் ஒரே மூச்சில் 14 ஆகிறது, கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இது தை மாதம். வடகீழ்ப் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்டி, உங்கள் பக்கத்துச் சரிவில் கீழே விழுகிறது. கல்லைத் தாண்டும் ஓடைத் தண்ணீர் மறுபக்கம் சுழலும் தெரியுமா, அதே வேலைதான். எந்தக் கரையிலிருந்து காற்று வருகிறதோ அந்தக் கரையின் மலை அடிவாரத்தில்தான் சுழல் மோசமாக இருக்கும். நீங்கள் மூன்று தரமும் அங்கே நின்று பாயைக் கட்டியிருப்பீர்கள், காற்று மறைவாக இருக்கிறது என்று. துடுப்பு ஒன்று வைத்துக்கொண்டு நடுத் தண்ணீர் வரை வலித்துப் போய், அங்கே பாயை இழுங்கள்.

தண்ணீரைப் பாருங்கள், பாயைப் பார்க்காதீர்கள். காற்று வரும் இடத்தில் தண்ணீர் கறுக்கும். கறுப்பு உங்களைத் தொடுவதற்கு முன் பாய்க்கயிறு கையில் தளரத் தயாராக இருக்கவேண்டும். அந்தக் கயிற்றை எக்காரணம் கொண்டும் கட்டிவைக்க வேண்டாம். பூம் மாறும்போது லேசரில் கயிறு படகின் பின் மூலையில் போய்ச் சிக்கும், அந்தப் படகின் பிறவிக் குணம் அது. பூம் நடுவைத் தாண்டுகிற நேரத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி மேலே தூக்குங்கள். இதைப் பழக எனக்கு ஒரு வருடம் போனது, முன் பல்லில் ஒரு சின்னத் துண்டும் போனது.

தலைகீழானது பற்றி. பாய்மரத்தைப் படகோடு சேர்த்து ஒரு கயிறு கட்டியிருக்கிறீர்களா? லேசரில் பாய்மரம் குழிக்குள் சும்மாதான் நிற்கிறது, கவிழ்ந்தால் கழன்று விழும். படகின் நடுவால் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகைக்கும் இழுபடும் கயிறு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அது நழுவிவிடும், பிறகு எதில் ஏறி நின்று நிமிர்த்துவீர்கள்? பாய்மர நுனியில் 5 லீற்றர் வெறும் கேன் ஒன்றை மூடி இறுக்கிக் கட்டுங்கள். பழகும் காலத்தில் அது படகைப் பக்கவாட்டிலேயே நிறுத்திவைக்கும். பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்தான். ஏற்கனவே கைதட்டியவர்கள்தானே.

அப்புறம், உடலுக்குள் தண்ணீர் போகாமல் அடைக்கும் பின்பக்கத் தக்கையைப் பூட்டினீர்களா? மூன்று தரம் கவிழ்ந்த கதையில் தக்கை பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் கேட்கிறேன்.


மலைநாட்டு மகன் எழுதியது:

லயத்துக் கூரை ஒழுகுது, பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லை, இவருக்குப் பாய்ப்படகு. ஹோட்டல்காரன் வெள்ளைக்காரனுக்குக் காட்டுகிற விளையாட்டு எல்லாம் நமக்கெதற்கு? வேறு வேலை இல்லையா அண்ணே?


நோர்வூட் பாய்க்காரன் எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலுக்கு மேலேதான் படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்த இடம் மட்டும் இப்போது ஒழுகுவதில்லை.

பொல்கொட அண்ணே, தக்கை பூட்டினேன். இரண்டாவது ஞாயிறு பூட்டவில்லை. அதனால்தான் இருபது நிமிடம். அதை எழுத வெட்கமாக இருந்தது.


ஒன்ராறியோ அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலவாக்கலைக் குளிர் அடித்துவிட்டது. நான் அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது ரொறன்ரோ. நானும் கணவரும் பழைய 27 அடிப் பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறோம். ஒன்ராறியோ ஏரியில் கோடை முழுக்க அதுதான் எங்கள் வீடு. இந்த ஏரியின் நீளம் முந்நூறு கிலோமீற்றர், ஆழமான இடம் 244 மீற்றர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. நான் முதன்முதலில் பார்த்தபோது கடல் என்று நினைத்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், உப்பில்லை. எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

நன்னீரில் ஓட்டுவதில் கடற்காரருக்குத் தெரியாத சில விஷயம் உண்டு. கடல் தண்ணீரைவிட இது இரண்டரை வீதம் அளவுக்கு அடர்த்தி குறைந்தது, படகு ஒரு நூல் கீழே உட்காரும், அது பெரிதில்லை. அலைதான் வித்தியாசம். கடல் அலை நீளமாக வந்து தூக்கி இறக்கும். ஏரி அலை குட்டை, செங்குத்து, ஒன்றுக்குப் பின் ஒன்று அடுக்கியிருக்கும். லொறியில் கிரவல் ரோட்டில் போவது போல முதுகெலும்பு ஆடும். இங்கே ரொறன்ரோவிலிருந்து தென்கிழக்காக நயாகரா ஆற்று வாய்க்குக் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், நடுவழியில் எங்களை வாந்தி எடுக்கவைத்த நாளும் உண்டு. உங்கள் காசல்ரீ நீளம் குறைந்தது, அந்த அளவுக்கு அலை எழும்ப இடமில்லை. அது உங்கள் அதிர்ஷ்டம்.

உப்பில்லாததால் ஆணி, கம்பி லேசில் துருப்பிடிக்காது. ஆனால் மரம் கவனம். உப்புத் தண்ணீர் மரத்தைப் பூஞ்சணத்திலிருந்து கொஞ்சம் காக்கும், மழைத் தண்ணீர் அழுகவைக்கும். உங்கள் நடுப்பலகையும் சுக்கானும் மரமென்றால், ஒவ்வொரு தரமும் துடைத்துக் காயவைத்து உள்ளே வையுங்கள். ஹட்டன் மழையில் விறகுக் கொட்டிலில் வைத்தால் அடுத்த வருடம் அதுவும் விறகுதான்.

குளிர் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இங்கே வைகாசி மாதம் காற்று சுகமாக இருக்கும், தண்ணீர் 5 பாகை. விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைப் பிடிக்கப் போராடவேண்டும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கை விரல் சொன்னதைக் கேட்காமல் போகும். ஒரு மணி நேரமளவில் நினைவு போகலாம். ஒன்று, பத்து, ஒன்று என்று இங்கே பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் தண்ணீர் அவ்வளவு குளிரில்லை. ஆனால் மார்கழி, தை காலை ஏழு மணிக்கு நனைந்த பனியனோடு காற்றில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள், பல் கிட்டிக்கும். நீச்சல் தெரியும் என்பதற்காக உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவைக்க வேண்டாம். காற்றை நிரப்பும் வகை வேண்டாம், தக்கை நுரை வைத்ததே போடுங்கள். உள்ளே கம்பளி, வெளியே மழைச் சட்டை. பருத்தி நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது.

சுற்றுப் பயணம் பற்றி: கட்டாயம் போங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு தாளில், எங்கே இறங்குகிறேன், எந்தக் கையில் இரவு தங்குகிறேன், எத்தனை மணிக்குள் வராவிட்டால் ஆள் அனுப்பவேண்டும் என்று எழுதி வீட்டில் கொடுங்கள். இங்கே நாங்கள் ஒவ்வொரு தரமும் செய்கிறோம். அம்மாவிடம் கொடுக்க வேண்டாம், அவர் அரை மணி நேரத்தில் ஊரைக் கூட்டிவிடுவார்.


மவுசாகலை வலைக்காரன் எழுதியது:

அண்ணே, நான் மவுசாகலையில் வலை போடுகிறவன். சித்தப்பா காசல்ரீயில். தண்ணிக்கு அடியில் என்ன இருக்கு என்று கேட்டீர்கள். எல்லாம் இருக்கு. தேயிலை மலையை அப்படியே நிரப்பினது, அடிக்கட்டை அங்கங்கே நிற்குது. டேம் நிரம்பி வான் பாயும்போது ஒன்றும் தெரியாது, எங்கேயும் போகலாம். தை, மாசி, பங்குனியில் தண்ணி இறங்க இறங்க ஒவ்வொன்றாக மேலே வரும். கண்ணுக்குத் தெரிகிற கட்டையால் ஆபத்தில்லை. ஒரு சாண் அடியில் ஒளிந்திருக்கிறதுதான் ஆபத்து. போன கிழமை தண்ணி எங்கே நின்றது என்று கரையில் ஒரு கல்லைப் பார்த்து வையுங்கள். அரை ஆள் உயரம் இறங்கியிருந்தால் பழைய வழியெல்லாம் மறந்துவிட வேண்டும்.

கைகளுக்குள் நுழையப் போகிறேன் என்றீர்கள். கையின் நடுவில் பழைய ஓடை போன தடம் இருக்கும், அதுதான் ஆழம். இரண்டு பக்கத்து மலையும் எந்த இடத்தில் சந்திக்கிற மாதிரிப் போகுதோ அந்த நேரிலேயே வாங்க. ஓரம் வேண்டாம். கையின் அடிப் பக்கம் சேறு. காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். கல் தெரிகிற கரையில் மட்டும் இறங்குங்க. அட்டைக்கு உப்பு, சவர்க்காரம் கொண்டுபோங்க.

எங்கள் வலை சாயங்காலம் போட்டால் காலையில்தான் எடுப்போம். திலாப்பியா வலை கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கேன் மிதந்தால் அங்கே ஒரு முனை, அடுத்த கேன் எங்கே என்று தேடிப் பாருங்க, இரண்டுக்கும் நடுவால் வரவேண்டாம். சுக்கானில் மாட்டினால் வெட்டிவிடாதீங்க அண்ணே. சுக்கானைத் தூக்கினால் தானாகக் கழன்றுவிடும். ஒரு வலை போனால் எங்களுக்கு ஒரு மாதம்.

அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம். தண்ணி வழிகிற வானும், விமலசுரேந்திர மின் நிலையத்துக்குத் தண்ணி இழுக்கிற இடமும் அங்கேதான். மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும். டேமை நடத்துகிறவங்களிடம் முதலிலேயே எழுதிக் கேட்டு வையுங்க. காவல்காரரிடம் வாயால் சொன்னால் ஆள் மாறியதும் கதையும் மாறும்.

உங்கள் அம்மா பழைய மஸ்கெலியா என்றீர்கள். தண்ணி நல்லா இறங்கினால் பழைய கோவில் சுவர் இன்னும் வெளியே வருது, பள்ளிவாசலும் பௌத்தர்களின் பன்சலையும் இருந்த இடமும் தெரியும். அந்த நேரத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பாங்க. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க, நான் வள்ளத்தில் கொண்டுபோய்க் காட்டுறேன். பாய் இல்லாத வள்ளம், பயப்பட மாட்டாங்க.


பொல்கொட ஞாயிறு எழுதியது:

வலைக்காரத் தம்பி எழுதியதை அச்சடித்துப் படகில் ஒட்டுங்கள். நான் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்று விட்டுப்போனது. பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கும். உங்கள் பாய்மரம் அலுமினியம், அந்தத் தண்ணீர்ப் பரப்பில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான். மலை உச்சியில் மேகம் காலிஃபிளவர் மாதிரி வளர ஆரம்பித்தால் முழக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம், கரைக்கு வாருங்கள்.


நோர்வூட் பாய்க்காரன் எழுதியது:

மாசி பிறந்தும் இரண்டு கிழமை ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை.

எழுத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து, பதில் வரும் வரை படகைக் கொட்டிலிலேயே வைத்திருந்தேன். பதில் வந்தது, அணைப்பக்கம் போகக்கூடாது, அங்கி போடவேண்டும் என்று. சந்தோஷம். பாய்மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். நுனியில் 5 லீற்றர் எண்ணெய்க் கேன். வெயிலில் கேனில் ஒட்டியிருந்த எண்ணெய் இளகி, கயிறு வழியாக இறங்கிப் பாயில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. அது ஒருநாளும் போகாது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஏழரைக்கு இறக்கினேன். காற்றே இல்லை. துடுப்பால் நடுத் தண்ணீருக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். சிவனொளிபாதமலை முழுதாகத் தெரிந்தது, வோர்லி தேவாலயமும் கரையில் தெரிந்தது. ஒன்பதே முக்கால் வரை ஒரு இலை அசைவில்லை. கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் முடிந்துவிட்டது. பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் ஒரு மூலையில் கறுத்தது. அண்ணே, நீங்கள் சொன்ன கறுப்பை, அது வருகிறபோதே, முதல் தடவையாகப் பார்த்தேன். கயிற்றைத் தளர்த்தினேன், படகு சாய்ந்து, பிறகு சாயாமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. தேவாலயக் கரைக்கு ஒரு ஓட்டம், திரும்பி ஒரு ஓட்டம். பூம் மாறியபோது முதல் தரம் கயிற்றைச் சுண்டினேன், சரியாக வந்தது. இரண்டாவது தரம் பின் மூலையில் சிக்கியது, அரைவாசி கவிழ்ந்தேன். கேன் தண்ணீரில் மிதந்து நின்றது. ஏறி நின்று நிமிர்த்த மூன்று நிமிடம். அன்று கரையில் கைதட்ட ஆள் குறைவு, பிள்ளைகளுக்குப் போரடித்துவிட்டதாம்.

மகள் மட்டும் நின்றாள். அவளுக்கும் ஒரு அங்கி வாங்கவேண்டும் என்று சொன்னால் மனைவி முதலில் நீச்சல் என்கிறாள். அது நியாயம்தான். ஹட்டன் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வந்தார், மவுசாகலைக்கு. வலைக்காரத் தம்பி, உனக்குக் கோடி நன்றி. கோவில் சுவர் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, மேல் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. அவர் வள்ளத்தில் ஏறவில்லை. கரையிலேயே நின்று, அந்தக் கடை இங்கே, எங்கள் வீட்டுக்குப் போகிற வழி அங்கே என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடமெல்லாம் தண்ணீர்தான். கடைசியில், உன் படகில் இதற்கு மேலே போவாயா என்றார். போகலாம் என்றேன். செருப்போடு போகாதே என்றார்.

இரண்டு நாள் சுற்றுப் பயணம் இப்போதைக்கு இல்லை. போன ஞாயிறு ஒரு கைக்குள் ஓரமாகப் போனேன், வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டும் போனேன். அடிக்கட்டையில் நடுப்பலகை மோதி, கீழ்முனை ஒரு சாண் அளவுக்குப் பிளந்துவிட்டது. பசை போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. கொழும்புப் பக்கம் யாரிடமாவது பழைய லேசர் நடுப்பலகை சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ரேடியல் கீழ்த்துண்டும் இருந்தால் இரண்டையும் ஒரே லொறியில் எடுத்துவிடலாம்.